துத்தநாகம் சேர்ந்தால் காந்தம் குறையுமா?

சந்தாபுராவில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஞாயிறு மாலையானால் பாடச் சந்தேகங்களோடு வந்து விடுவார்கள். பத்தாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் கெட்டுப்போன செல்போன் சார்ஜரைப் பிரித்து, செப்புக் கம்பி சுற்றிய கறுப்புக் கட்டி ஒன்றைக் கொண்டு வந்தான்.

"அங்கிள், இது மாங்கனீசு துத்தநாக ஃபெரைட்டாம். துத்தநாகம் காந்தத்துல ஒட்டவே ஒட்டாதே, அதை எதுக்குக் கலக்கறாங்க?"

"செலவைக் குறைக்கத்தான்" என்று சொல்லி அனுப்பி விட்டேன். அன்றிரவு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. பையன் அதை நோட்டில் வேறு எழுதிக்கொண்டு போயிருந்தான்!

ஃபெரைட் என்பது இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடு சேர்ந்த பொருள். 1930 வாக்கில் டோக்கியோவில் காட்டோ, டாக்கெய் என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள், 1935-ல் டி.டி.கே. நிறுவனம் இதற்காகவே தொடங்கப்பட்டது. இதன் படிகத்தில் உலோக அணுக்கள் இரண்டு அணிகளாக நின்று கயிறு இழுக்கின்றன: ஒருபுறம் 8 பேர், எதிர்ப்புறம் 16 பேர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நமக்குக் கிடைக்கும் காந்தம். இதை 1948-ல் விளக்கியவர் பிரான்சின் லூயி நீல். 1970-ல் நோபல் பரிசு பெற்றார்.

துத்தநாகம் போய் நிற்பது 8 பேர் அணியில். நிற்குமே தவிர இழுக்காது. சின்ன அணி தளர்கிறது, வித்தியாசம் கூடுகிறது, காந்தமும் கூடுகிறது! ஆனால் அளவு மிஞ்சினால் எதிரியில்லாத 16 பேரும் தங்களுக்குள்ளேயே இழுத்துக்கொள்வார்கள், காந்தம் போய்விடும். சூட்டைத் தாங்கும் சக்தியும் துத்தநாகம் கூடக் கூடக் குறையும்.

நம் ஊரின் மறுகோடியில், ஜக்கூர் நேரு ஆராய்ச்சி மையத்தைத் தோற்றுவித்த பேராசிரியர் சி.என்.ஆர். ராவ் ஆராய்ந்த மாங்கனீசு ஆக்சைடுகளின் கதை இன்னும் வேடிக்கை. லாந்தனம் மாங்கனீசு ஆக்சைடு காந்தமும் அல்ல, மின்சாரத்தையும் சரியாகக் கடத்தாது. லாந்தனத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்சியம் வைத்தால் அறை வெப்பத்திலேயே காந்தமாகிவிடும். இத்தனைக்கும் அந்த இரண்டுக்குமே காந்தகுணம் கிடையாது! ஸ்ட்ரான்சியம் ஓர் எலக்ட்ரானைக் குறைவாகக் கொடுப்பதால், மாங்கனீசு அணுக்களுக்கிடையே எலக்ட்ரான்கள் தாவ இடம் கிடைக்கிறது. அப்படித் தாவ வேண்டுமானால் அணுக்கள் ஒரே திசை பார்த்து நிற்க வேண்டும். 1951-ல் ஜீனர் சொன்ன விளக்கம் இது.

மறு ஞாயிறு பையனைக் கூப்பிட்டுத் திருத்திச் சொன்னேன். நோட்டில் அடித்து எழுதினான். எழுதிவிட்டு, "அப்போ நிக்கல் ஃபெரைட்ல அலுமினியம் போட்டா?" என்றான்.

இம்முறை புத்தகத்தைப் பார்த்துவிட்டே பதில் சொன்னேன். அது 16 பேர் அணியில் போய் நிற்கும், காந்தம் குறையும்.