எரியாமல் ஒளிரும் ஏடு

சிவகாசி மத்தாப்பில் சிவப்பு நிறம் தருவது ஸ்ட்ரான்ஷியம் உப்பு. அது எரிந்தால்தான் ஒளி. எரிந்து முடிந்தால் சாம்பல். உங்கள் மானிட்டரில் உள்ள எல்இடி எரிவதில்லை. அதன் குறைகடத்தியில் எலெக்ட்ரான்கள் உயர் ஆற்றல் நிலையிலிருந்து கீழே இறங்கும்போது ஒளி பிறக்கிறது.

இப்படி ஒளிரும் பொருள்களில் புதிய வரவு மாலிப்டினம் டைசல்ஃபைடு. இயந்திரங்களுக்குப் போடும் கிரீஸில் கலக்கும் கறுப்புப் பொடிதான் இது! அடுக்கடுக்காக இருக்கும்போது எலெக்ட்ரான் நேராக இறங்க வழியில்லை; ஒளி மிகக் குறைவு. 0.7 நானோமீட்டர் தடிமனுள்ள ஒற்றை அடுக்கில் நேர்வழி உண்டு. லேசர் பட்டதும் அது சிவப்பாக ஒளிர்வதை 2010ல் கண்டறிந்தனர். அதே ஆண்டு பெங்களூரில் சி.என்.ஆர். ராவ் குழுவினரும் இதன் மெல்லிய அடுக்குகளைத் தயாரித்தனர்.

ஆனால் ஒரு சிக்கல். 100 ஒளித்துகள்களை விழுங்கினால் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஏட்டில் உள்ள குறைகளில் ஆற்றல் வெப்பமாக வீணானது. 2015ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அலி ஜாவி குழுவினர் அதை வீரியமான கரிம அமிலக் கரைசலில் நனைத்தனர். 95க்கும் மேல் திரும்பின!

வெப்பமாக வீணாவது குறைந்தால் மின்சாரம் மிச்சம். ஆனாலும் இந்த ஏடு இன்னும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. இதற்காக மானிட்டர் வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம்.