பசியும் ஒரு கட்டாயமே

ஒருவர் தாமாக முன்வந்து ஏற்றுக்கொண்ட வேலையைக் கட்டாய உழைப்பு என்று கூற இயலுமா? அவர் கையில் விலங்கில்லை. கடன் பத்திரம் எதிலும் அவர் கைநாட்டு வைக்கவில்லை. அவ்வாறாயின் அவருடைய சுதந்திரம் எங்கே பறிபோயிற்று? தத்துவ நூல்களில் நெடுங்காலமாக ஆராயப்படும் இவ்வினா, 1982ஆம் ஆண்டில் நமது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது.

அவ்வாண்டு நவம்பரில் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கவிருந்தன. விளையாட்டரங்குகளும் மேம்பாலங்களும் விரைந்து எழும்பிக்கொண்டிருந்தன. ஒப்பந்தக்காரர்களுக்கு ஆள் திரட்டித் தந்தவர்கள் ஜமாதார்கள். குறைந்தபட்ச ஊதியம் நாளொன்றுக்கு ரூ. 9.25. அதில் ஒரு ரூபாயை ஜமாதார் தமது தரகாகப் பிடித்துக்கொள்ள, தொழிலாளியிடம் சேர்ந்தது ரூ. 8.25. பெண்களுக்கு 7 ரூபாயே தரப்பட்டதென்பதும் புகார். மூன்று சமூக ஆய்வாளர்களின் அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு, மக்கள் ஜனநாயக உரிமைகள் சங்கம் நீதிபதி பி. என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதிற்று. அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது.

ஐசையா பெர்லின் 1958இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் சுதந்திரத்தை இரண்டாகப் பிரித்தார். பிறர் குறுக்கீடு இல்லாதிருத்தல் ஒன்று. தன்னைத் தானே ஆளுதல் மற்றொன்று. ஒன்றைச் செய்ய இயலாமை மட்டுமே சுதந்திரமின்மை ஆகாது என்றார் அவர். ஆயினும், ஒருவரது வறுமை பிறர் செய்த ஏற்பாடுகளின் விளைவு என்று கருதப்படும்போது அது சுதந்திரம் பற்றிய கேள்வியாகிவிடுவதையும் அவர் ஒப்புக்கொண்டார். தேர்வுக்குப் படிப்போர் பெரும்பாலும் முற்பாதியோடு நின்றுவிடுகின்றனர்! ஜமாதாரின் ஒரு ரூபாயோ பிற்பாதியைச் சேர்ந்தது.

அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு, வெட்டி வேலையையும் அதனையொத்த கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. ஏதேனும் கூலி கொடுக்கப்பட்டால் இப்பிரிவு பொருந்தாது என்று வாதிடப்பட்டது. பகவதியும் பஹருல் இஸ்லாமும் அமர்ந்த ஆயம் 1982 செப்டம்பரில் வழங்கிய தீர்ப்பில் இதனை ஏற்கவில்லை. அடி உதையும் சட்டத்தின் அச்சுறுத்தலும் போலவே, வேறு வழியின்றி வாட்டும் பசியும் கட்டாயமே என்று அது கொண்டது. குறைந்தபட்ச ஊதியத்திற்கும் குறைவாக வேலை செய்பவர் அத்தகைய கட்டாயத்தினாலேயே செய்கிறார் என்பது அதன் அனுமானம். இவ்வுரிமை அரசுக்கு எதிராக மட்டுமன்றித் தனியாருக்கு எதிராகவும் செல்லும் என்றும் முடிவாயிற்று. பெர்லின் வேறுபடுத்திய இரண்டும் ஒரு கூலிக் கணக்கில் வந்து சேர்ந்தன எனலாம்.

அடுத்த ஆண்டே இக்கோட்பாடு அரசின் வாசலுக்கு வந்தது. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரணப் பணிகளுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்களித்து 1964இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. நிவாரணம் பெறுவோர்க்குக் குறைந்தபட்ச ஊதியம் எதற்கு என்பது அரசுத் தரப்பின் நியாயம். அவர்கள் போட்ட சாலை சமுதாயத்திற்குப் பயன்படும் சொத்து. பெற்றது தருமமன்று, கூலி என்றது நீதிமன்றம். குறைந்தபட்ச ஊதியத்தை மறுத்த அளவில் அவ்விலக்கு செல்லாதென்று 1983இல் தீர்ப்பாயிற்று.