சின்னப்பாவுக்கு 30, செந்தில் கணேஷுக்கு 12

மாமா வீட்டு டிவியின் பின்னால் எப்போதும் ஒரு ஹார்டு டிஸ்க் தொங்கிக்கொண்டிருக்கும். பாட்டு வீடியோ மட்டும் நானூறுக்கு மேல். விசிடி காலத்தில் சேர்த்தவை, டிவிடியிலிருந்து எடுத்தவை, போனில் வந்தவை, கோயில் திருவிழாவில் அவரே பிடித்தவை என்று எல்லாம் ஒரே குவியல்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கச்சேரி ஆரம்பிக்கும். முதல் பாட்டு பெரும்பாலும் 1944-ல் வந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தினுடையதாகத்தான் இருக்கும். பாடகராக பி.யு. சின்னப்பா உட்கார்ந்திருப்பார், பக்கவாத்தியக்காரர்களாகவும் அவரே சுற்றி உட்கார்ந்திருப்பார். பெயரின் முதல் எழுத்திலேயே புதுக்கோட்டையைச் சுமந்தவர் என்பதால் மாமாவுக்கு அவர்மேல் தனிப் பாசம். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ரிமோட்டை 30 வரை ஏற்றுவார். பாட்டு முடியும், அடுத்த கோப்பு தானாக ஓடும். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் களபம் கிராமத்துக்காரரான செந்தில் கணேஷ், ராஜலட்சுமியோடு பாடும் பாட்டு. முதல் அடியிலேயே ஜன்னல் கண்ணாடி அதிரும், பாட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

“ஏங்க, தெருவே முழிச்சுக்கும், கொறைங்க!” என்று அத்தை உள்ளிருந்து கத்துவார். மாமா ரிமோட்டைத் தேடி 12-க்கு இறக்குவதற்குள் பல்லவி போய்விடும்.

“மாப்ள, நாள் பூரா கம்ப்யூட்டர்ல ஒக்காந்துருக்கியே, இதுக்கு ஒரு வழி இல்லையா?” என்று போன பொங்கலுக்குக் கேட்டார். வழி இருக்கிறது. ஆனால் கோளாறு எங்கே என்று தெரியாமல் கைவைத்தால் பாட்டு கெட்டுப்போகும். நானே முதல் தடவை கோட்டைவிட்டேன்.

டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் ஒரு நூலளவுகூடப் போக முடியாது. அந்தக் கூரையைப் பூஜ்ஜியம் டெசிபல் என்று வைத்துக்கொண்டு, கீழே இருப்பதையெல்லாம் கழித்தல் குறியோடு எழுதுவார்கள். நான் முதலில் பயன்படுத்திய மென்பொருளில் ‘நார்மலைஸ்’ என்றொரு பட்டன் இருந்தது. பாட்டின் மிக உயர்ந்த முனை கூரையைத் தொடும்வரை முழுப் பாட்டையும் தூக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. நானூறு கோப்பையும் அதில் போட்டு எடுத்தேன். சின்னப்பா பழையபடியே கிணற்றுக்குள் இருந்தார், செந்தில் கணேஷ் பழையபடியே கண்ணாடியை அதிரவைத்தார்.

காரணம் சின்னப்பாவின் குரலில் இல்லை, படச்சுருளில் இருக்கிறது. அந்தக் காலத்தில் படத்தின் ஒலி, சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிவாகியிருக்கும். சுருள் ஊர் ஊராக ஓடும்போது அந்தக் கோட்டின் மேல் கீறலும் தூசியும் விழும். ஒவ்வொரு கீறலும் ஒரு ‘டப்’. அந்த ‘டப்’பின் முனை ஏற்கெனவே கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மென்பொருள் அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பாட்டு நிறைந்துதான் இருக்கிறது என்று விட்டுவிடுகிறது. புதுப் பாட்டிலோ ஒலியை அழுத்திச் சமப்படுத்தித் தாளம், குரல், பம்பை எல்லாவற்றையும் கூரைக்கு நெருக்கமாகவே நிறுத்தியிருப்பார்கள். இரண்டு பாட்டுக்கும் முனை ஒன்றுதான். காதுக்கு வந்து சேரும் அளவுதான் வேறு.

அரை நிமிடம் கொட்டிய மழையை வைத்துக் கண்மாய் நிறைந்ததா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எவ்வளவு நேரம் எவ்வளவு பெய்தது என்றுதான் பார்ப்பார்கள். காதும் அப்படித்தான். கஞ்சிராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த பெருமை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைக்கு உண்டு. ஒரு தட்டு தட்டினால் முனை விர்ரென்று எழும், அடுத்த கணம் இறங்கிவிடும். அளவுமானி துள்ளும், ஆனால் காது அதைப் பெரிய சத்தமாக எடுத்துக்கொள்ளாது. அதே முனையில் ஒரு நாதஸ்வரத்தை நீட்டி ஊதினால் காதைப் பொத்திக்கொள்வோம்.

ஆக அளக்க வேண்டியது முனையை அல்ல, காது உணரும் சராசரியை. அதற்கான அளவுகோலை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் வகுத்தது. அதில் எனக்குப் பிடித்த இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, நம் காது அடித்தொனியை மந்தமாகவும் உயர்ந்த தொனியைக் கூர்மையாகவும் கேட்பதால், அளக்கும் முன்பே ஒலியை அதற்கேற்ப வடிகட்டிக்கொள்கிறது. இரண்டாவது, பின்னாளில் சேர்த்த திருத்தத்தின்படி, அமைதியான இடங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாட்டுக்கு முன்னால் பத்து விநாடி மௌனமாகப் பெயர் ஓடினாலும் சராசரி சரியாது. இந்த அளவின் அலகை எல்யுஎஃப்எஸ் என்பார்கள். டெசிபல்போலவே கழித்தல் குறியோடு வரும், பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சத்தம்.

ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 2010-ல் தொலைக்காட்சிக்கு இந்த அளவை -23 என்று வைத்தது. விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடும் கதை உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் 2012 டிசம்பரிலிருந்து அதற்கென்றே ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டு 1994-ம் ஆண்டு கேபிள் டிவி விதிகளிலும் விளம்பரச் சத்தம் மிதமிஞ்சக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. யார் படித்தார்களோ!

யூடியூப் ஏறக்குறைய -14 என்ற அளவை வைத்திருக்கிறது. அதற்கு மேல் கத்தும் பாட்டை, ஓட்டும்போது மட்டும் குறைத்துக்கொள்ளும், மெதுவான பாட்டைத் தூக்காது. கோப்பைத் தொடுவதும் இல்லை. அங்கே பார்த்தபோது அடக்கமாக இருந்த பாட்டு, கோப்பாக வீட்டு ஹார்டு டிஸ்க்குக்கு வந்ததும் அலறுவது இதனால்தான்.

இப்போது கணக்கு. புதுப் பாட்டு -9, பழைய பாட்டு -24 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 15 டெசிபல். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதால், இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சரிசெய்ய எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பழையதைத் தூக்குவது. அது தப்பு. 15 டெசிபல் தூக்கினால் கீறல் சத்தம் மட்டுமல்ல, சின்னப்பாவின் உச்சஸ்தாயியும் கூரையில் இடித்து நசுங்கும். பின்னணி இரைச்சலும் கூடவே ஏறும். கத்துகிறவரை இறக்குங்கள். இறக்குவதால் எந்தப் பாட்டும் கெடாது. நான் எல்லாவற்றுக்கும் -18 என்று வைத்தேன். புதுப் பாட்டு ஒன்பது இறங்குகிறது, பழையது ஆறுதான் ஏறுகிறது. அந்த ஆறில் சில ‘டப்’புகள் கூரையில் இடிக்கும். கீறல் நசுங்கினால் யாருக்கு நஷ்டம்? மொத்தமாகச் சத்தம் குறைவாகத் தோன்றினால் டிவியில் ஒரு தடவை கூட்டி வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் லவுட்னார்ம் என்றொரு வடிகட்டி இருக்கிறது. இதை இரண்டு சுற்றாக ஓட்ட வேண்டும். முதல் சுற்று அளக்க மட்டும். கிடைத்த எண்களைக் கொடுத்து இரண்டாம் சுற்றை நேர்கோட்டு முறையில் ஓட்டினால், முழுப் பாட்டும் ஒரே அளவில் ஏறும் அல்லது இறங்கும். ஒரே சுற்றில் முடித்தால் அது போகிற போக்கில் ஏற்றி இறக்கிக்கொண்டே போகும், சரணத்துக்கு நடுவே குரல் மூச்சுவிடுவதுபோல் வீங்கிச் சுருங்கும். ஒன்றும் குறிப்பிடாமல் ஓட்டினால் அது தானாக -24-ஐ எடுத்துக்கொள்ளும் என்பதால் இலக்கை நாம்தான் சொல்ல வேண்டும். சத்த ஏற்ற இறக்கத்தின் அகலத்துக்கு அது வைத்திருக்கும் 7 நம் பாட்டுகளுக்குக் குறுகல். 20 என்று கொடுத்தேன். இல்லாவிட்டால் நம்மிடம் சொல்லாமலே பழைய மூச்சுவிடும் முறைக்குத் தாவிவிடும். ஏற்றினால் முனை எல்லை தாண்டும் என்று கண்டாலும் அப்படித்தான் தாவும். அதனால் பழைய படப் பாட்டுகளுக்கு மட்டும் அளவை எடுத்துக்கொண்டு, நேராக இத்தனை டெசிபல் ஏற்று என்று சொல்லிவிட்டேன். வெளியே வரும் ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதிவிடுங்கள், அதுவாக விட்டால், மூச்சுவிடும் முறைக்குத் தாவிய பாட்டு 192-க்குப் போகக்கூடும், சில டிவிகள் திணறும்.

படத்தை அப்படியே நகலெடுக்கச் சொன்னால் அதன் தரம் துளியும் மாறாது, ஒலி மட்டும் புதிதாக எழுதப்படும். ஒலியை ஒவ்வொரு முறை எழுதும்போதும் கொஞ்சம் தேயும். அதனால் அசல் கோப்புகளை இன்னொரு டிஸ்க்கில் போட்டுவிட்டு, எப்போது செய்தாலும் அசலிலிருந்தே செய்யுங்கள்.

கோப்பைத் தொடாமல், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதிவைக்கும் முறையும் இருக்கிறது, ரீப்ளேகெயின் என்று பெயர், 2001-ல் வந்தது. கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பவர்களுக்கு அதுவே நல்லது. பென்டிரைவைச் சொருகி ஓட்டும் டிவி பொதுவாக அந்தக் குறிப்பைக் கண்டுகொள்வதில்லை. டிவி செட்டிங்கிலேயே ‘ஆட்டோ வால்யூம்’ என்று ஒன்று இருக்குமே என்பீர்கள். இருக்கும். அவசரத்துக்கு உதவும். அதுவும் போகிற போக்கில் ஏற்றி இறக்குகிற சாதிதான்.

டிவிடியிலிருந்து எடுத்த பாட்டுகள் தனி ரகம். அவற்றில் பலவற்றின் ஒலி ஆறு தடங்களில் இருக்கும், பாடகர் குரல் பெரும்பாலும் நடுத்தடத்தில். டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்காக ஆறையும் இரண்டாக்கும்போது, கூரையில் இடிக்காமல் இருக்க மொத்தத்தையும் குறைத்துத்தான் கலப்பார்கள். டிவிடி பாட்டு எப்போதும் சோகையாகக் கேட்பது அதனால். முதலில் இரண்டு தடமாக்கிவிட்டுப் பிறகு அளக்க வேண்டும்.

மாமா போனில் பிடித்தவைதான் தீராத வழக்கு. திருவப்பூர் மாரியம்மன் கோயில் பூச்சொரிதலில் எடுத்த ஒரு வீடியோ. தவில் நன்றாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. திடீரென ஒரு வெடி. போன் பயந்துபோய் ஒலியைக் கீழே இழுக்கிறது, அடுத்த இரண்டு மூன்று விநாடிக்குத் தவில் காணாமல் போய், மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. வெடியின் முனையோ மொட்டையாக வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டுப்பட்டதை எவ்வளவு இறக்கினாலும் அது மெதுவாகக் கேட்கும் கரகரப்புதான். அந்த வீடியோக்களைச் சராசரிக்கு இறக்கிவிட்டு, வேறெதுவும் செய்யாமல் விட்டேன். அடுத்த வருஷம் குழாய் ஸ்பீக்கருக்கு நேராக நிற்காமல் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமாவோடு வாக்குவாதம் வந்தது. ஒரு கர்நாடகக் கச்சேரி அவரிடம் பதினோரு துண்டுகளாக இருந்தது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக -18-க்குக் கொண்டுவந்தேன். ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே சத்தத்தில் வந்து நின்றன.

“என்ன மாப்ள, மிருதங்கக்காரர் ஆலாபனைக்கே பக்கத்துல வந்து ஒக்காந்துட்டாரு?” என்றார்.

அவர் சொன்னது சரி. மெதுவாக ஆரம்பித்து ஏறுவதும் கச்சேரியில் ஒரு பகுதி. அதனால் பதினோரு துண்டையும் ஒன்றாகச் சேர்த்து அளந்து, கிடைத்த ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் கொடுத்தேன். விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தைத் துண்டு துண்டாக வைத்திருப்பவர்களும் இப்படித்தான் செய்ய வேண்டும்.

இப்போது ரிமோட் 22-ல் நிற்கிறது. புதிதாக வருவதெல்லாம் ‘புதுசு’ என்ற ஃபோல்டரில் காத்திருக்கும். நான் ஊருக்குப் போகும்போது அளந்து உள்ளே அனுப்புவேன். பாட்டி தூங்குகிறார். ஆனால் சின்னப்பா மெதுவாக இழுக்கும் இடங்கள் மட்டும் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று மாமா குறைபட்டுக்கொண்டிருந்தார். நானும் இரண்டு நாள் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவரே எழுந்துபோய், ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை இரண்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.