கடைக்காரர் நடத்தும் பத்திரிகை

சரக்கு விற்பவன் பத்திரிகை நடத்தலாமா என்று கேட்டால், கூடாதென்றே நம்மில் பலர் விடை பகருவர். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாமும் அவ்வாறே சொல்லுவோம் என்று நேயர்கள் எதிர்பார்க்கலாம். நமது அபிப்பிராயம் வேறு. அவன் தாராளமாக நடத்தலாம். நன்றாக நடத்தினால் அவனுக்கும் லாபம், ஜனங்களுக்கும் லாபம். ஆனால் முகப்பில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு நடத்த வேண்டும். பெயரை மறைத்துக்கொண்டு நடத்துவானாயின் அது பத்திரிகையுமல்ல, விளம்பரமுமல்ல, வேஷம்.

இவ்விஷயத்தை இப்பொழுது எடுத்துக்கொள்ள முகாந்திரம் இருக்கிறது. இன்று பெருங்கம்பெனிகள் மட்டுமின்றி, ஊர்தோறும் உள்ள சிறு வியாபாரிகளும் இன்டர்நெட்டில் தமக்கென ஒரு வலைப்பதிவு வைத்துக்கொண்டு எழுதி வருகின்றனர். எழுதியதைச் சமூக வலைத்தளங்களில் பரப்புவதற்கென்றே சம்பளக்காரர்கள் இருக்கின்றனர். அரசியல் ஊழியர்கள் காலையில் எழுந்ததும் படிக்கும் விஷயங்களில், யாரோ ஒரு முதலாளியின் பணத்தில் எழுதப்பட்டவை எத்தனை என்பதை அவர்களே அறியார். ஆதலின் இத்தொழிலின் நல்ல முறை எது, கெட்ட முறை எது என்று பிரித்தறிவது வியாபாரிகளுக்கு மட்டும் உரிய கவலையன்று.

இது புதிய தொழில் என்று எண்ணுவோர் சரித்திரம் அறியாதவர். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து மோலைன் நகரிலிருந்து விவசாயக் கருவிகள் செய்து விற்கும் டீயர் கம்பெனியார், 1895-ம் வருஷத்தில் 'தி பர்ரோ' என்றொரு பத்திரிகையைத் தொடங்கினர். பர்ரோ என்றால் உழவுச்சால். கம்பெனியின் ஸ்தாபகரான ஜான் டீயர் ஒரு கொல்லர். மண் ஒட்டிக்கொள்ளாத எஃகுக் கலப்பையை 1837-ல் செய்து பெயர் பெற்றவர். அவர் காலமாகி ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னரே பத்திரிகை பிறந்தது. அதில் மண்வளம் உண்டு, விதை உண்டு, கால்நடை உண்டு, குடியானவன் வரவு செலவுக் கணக்கு வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. கம்பெனியின் கலப்பையைப் பற்றிய புகழ்ச்சியோ மிகச் சொற்பம். 1912-ல் அது 40 லட்சம் பேரிடம் சென்றது என்றால், குடியானவன் அதை விளம்பரத் துண்டாக மதிக்கவில்லை என்பது தெளிவு. நூற்றாண்டு கடந்தும் அது நின்றுவிடவில்லை.

பிரான்ஸ் தேசத்தில் கிளெர்மோன் பெர்ரான் நகரத்து மிஷ்லின் சகோதரர்கள் செய்தது இன்னும் வேடிக்கை. அவர்கள் டயர் வியாபாரிகள். 1900-ம் வருஷத்தில் பிரான்ஸ் முழுவதிலும் ஓடிய மோட்டார் வண்டிகள் 3,000-க்கும் குறைவு. அவ்வருஷத்தில் அவர்கள் ஒரு சிறு கைப்புத்தகத்தை 35,000 பிரதிகள் அச்சிட்டு இனாமாக வழங்கினர். டயரை மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், எந்த ஊரில் தங்குவதற்கு விடுதி உண்டு என்பனவே அதில் இருந்தன. வண்டி வைத்திருப்பவன் தூரதேசம் போக வேண்டும். போனால் டயர் தேயும். தேய்ந்தால் வேறு வாங்குவான். கணக்கு அவ்வளவுதான். இருபது வருஷங்களுக்குப் பின், ஒரு பட்டறையில் மேஜைக்கு முட்டுக் கொடுப்பதற்குத் தம் புத்தகங்களை அடுக்கியிருப்பதை ஆந்த்ரே மிஷ்லின் கண்டதாகச் சொல்லுவார்கள். கதை எப்படியாயினும், 1920-ல் புத்தகத்துக்கு விலை வைத்ததும், பிறரிடம் பணம் பெற்று விளம்பரம் போடும் வழக்கத்தை அத்தோடு நிறுத்தியதும் நிச்சயம். 1926-ல் நல்ல போஜனசாலைகளுக்கு நட்சத்திரக் குறி இடத் தொடங்கினர். இன்று சமையற்காரர்கள் அந்த நட்சத்திரத்துக்காக உயிரை விடுகின்றனர். அதை வழங்குவது ஒரு ரப்பர் கம்பெனி என்பது பலருக்கு ஞாபகமே இல்லை.

இவ்விரு கம்பெனியாரும் தாம் விற்க விரும்பியதைப் பற்றி எழுதவில்லை. வாங்குகிறவன் அறிய விரும்பியதைப் பற்றி எழுதினர். கோயம்புத்தூரில் பம்புசெட்டு செய்யும் ஒருவர், எத்தனை அடி ஆழக் கிணற்றுக்கு எத்தனை குதிரைச் சக்தி போதும், மின்சார அழுத்தம் குறைந்தால் மோட்டார் ஏன் எரிகிறது, பழைய மோட்டாருக்குச் சுருள் மறுபடி கட்டுவதா புதிது வாங்குவதா என்று நேர்மையாக எழுதுவாராயின், குடியானவன் அதைத் தேடிவந்து படிப்பான். 'எமது பம்பே உலகில் சிறந்தது' என்று எழுதினால் அவருடைய மாப்பிள்ளைகூடப் படிக்கமாட்டார். புதிது வாங்க வேண்டாம், பழையதே போதும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லும் நெஞ்சுரம் எவருக்கு உண்டோ, அவருடைய எழுத்தே நிலைக்கும்.

நெஞ்சுரம் என்று சொன்னோம். அதற்குச் சோதனை வருவது கம்பெனிக்கு அவமானம் நேரிடும் வேளையில். கம்ப்யூட்டர் விற்கும் டெல் கம்பெனியை 2005-ல் ஜெப் ஜார்விஸ் என்னும் பத்திரிகாசிரியர் தமது வலைப்பதிவில் கடுமையாகக் கண்டித்தார். அவர் வாங்கிய மெஷின் பழுது. பழுது பார்ப்பதாக வாங்கிய பணம் வியர்த்தம். ஆயிரக்கணக்கானோர் அவரோடு சேர்ந்துகொண்டனர். கம்பெனியார் வெகுநாள் வாய் திறக்கவில்லை. 2006-ம் வருஷம் ஜூலையில்தான் தமக்கென ஒரு வலைப்பதிவு ஏற்படுத்தினர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஜப்பானில் ஒசாகா நகரில் ஒரு டெல் கம்ப்யூட்டர் மேஜைமீதே தீப்பற்றியெரிந்த படம் உலகெங்கும் பரவியிருந்தது. அதை ஒளிக்காமல், எரியும் கம்ப்யூட்டர் என்றே தலைப்பிட்டு, படம் இருக்கும் இடத்தையும் காட்டி, விசாரித்து வருகிறோம் என்று அவ்வலைப்பதிவில் எழுதினர். ஆகஸ்டு மாதத்தில் 41 லட்சம் பாட்டரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தனர். ஒரு வருஷம் தாமதித்துக் கற்ற பாடம்; கற்றவரைக்கும் நன்று.

இதனினும் உயர்ந்த உதாரணம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் பண்டகசாலை போன்றது கிட்லாப் என்னும் கம்பெனி. 2017-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி இரவு, அதன் ஊழியர் ஒருவர் பழுது நீக்கும் வேலையில் களைத்திருந்தார். இரண்டாவது மெஷினில் அழிக்க வேண்டியதை முதல் மெஷினில் அழிக்கும்படி உத்தரவிட்டுவிட்டார். ஓரிரண்டு விநாடியில் தவறு தெரிந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 கிகாபைட் இருந்த இடத்தில் 4.5 கிகாபைட்தான் மிஞ்சிற்று. இப்படிப்பட்ட ஆபத்துக்கென்று ஐந்து விதப் பாதுகாப்புகள் இருந்தன. ஐந்தும் நம்பத்தக்க நிலையில் இல்லை. தினசரி நகல் எடுக்கும் ஏற்பாடு வெகுநாளாக வேலை செய்யவில்லை. வேலை செய்யவில்லை என்று எச்சரிக்கும் கடிதங்களைக் கம்பெனியின் தபால் ஏற்பாடே ஏற்க மறுத்துத் தள்ளியிருந்தது! அந்த ஊழியரே ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்துவைத்த நகல் ஒன்றே கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்து வேலை போயே போயிற்று.

சாதாரணக் கம்பெனியாயின் 'எதிர்பாராத காரணங்களால் சிறிது தடங்கல்' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். இவர்களோ, மேற்சொன்ன விவரம் யாவற்றையும் அன்றைக்கே உலகம் பார்க்க எழுதி வைத்தனர். பழுது பார்க்கும் வேலையையே நேரடியாகக் காட்டினர். ஒரே சமயத்தில் ஐயாயிரம் பேர் வரையில் பார்த்துக்கொண்டிருந்தனர். பத்து நாட்களில் முழு அறிக்கையும் கம்பெனியின் வலைப்பதிவில் வந்தது. நமக்கு மிகவும் பிடித்த அம்சம் யாதெனில், அவ்வறிக்கை ஊழியரின் பெயரைச் சொல்லவில்லை. ஐந்து பாதுகாப்பும் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது ஒருவருடைய பொறுப்பாகவும் இல்லாமற் போனதே குற்றம் என்று ஸ்தாபனம் தன்மேல் போட்டுக்கொண்டது. நமது சர்க்கார் இலாகாக்களில் ஒரு ரயில் தடம் புரண்டாலும், ஒரு பாலம் இடிந்தாலும், முதலில் சஸ்பெண்டு ஆகிறவர் யார் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

வக்கீல் புத்தியில் நம்மைக் கவர்ந்த விஷயம் மற்றொன்று. ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியின் தலைவர் ஜோனதன் ஷ்வார்ட்ஸ் 2004 முதல் தாமே வலைப்பதிவு எழுதி வந்தார். கம்பெனியின் முக்கிய சமாசாரம் பங்குதாரர் அனைவருக்கும் ஏககாலத்தில் தெரிய வேண்டும், சிலருக்கு மட்டும் காதில் ஓதலாகாது என்று அமெரிக்கப் பங்குமார்க்கெட் கமிஷன் 2000-ம் வருஷத்தில் விதி செய்திருந்தது. அங்ஙனமாயின் யாவரும் படிக்கக்கூடிய வலைப்பதிவில் எழுதினால் போதாதோ என்று அவர் 2006-ல் கமிஷன் தலைவர் கிறிஸ்டோபர் காக்ஸ் என்பவருக்கு எழுதிக் கேட்டார். காக்ஸ் அவ்வலைப்பதிவிலேயே வந்து பதில் எழுதினார். 2008-ல் கமிஷன் இன்டர்நெட் வெளியீடுகளைச் சில நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டது. 2013-ல் சமூக வலைத்தளங்களையும், எதில் வெளியிடுவோம் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் சரியே என்றது. ஸன் கம்பெனி மட்டும் நிலைக்கவில்லை. 2010-ல் அது ஆரக்கிள் கம்பெனியின் வசமாயிற்று. ஷ்வார்ட்ஸ் ட்விட்டரில் மூன்றடிச் செய்யுள் ஒன்று எழுதி விடைபெற்றுக்கொண்டார். எழுத்தாற்றல் விற்பனைக்குத் துணை செய்யுமேயன்றி, சரக்கின் இடத்தை நிரப்பாது.

இனி வேஷக்காரர்களைப் பார்ப்போம். 2006-ம் வருஷத்தில் ஓர் ஆணும் பெண்ணும் வீடுபோன்ற மோட்டார் வண்டியில் லாஸ் வேகாஸிலிருந்து ஜார்ஜியா வரை பிரயாணம் செய்து, இரவுதோறும் வால்மார்ட் கடைகளின் வாசலில் தங்கி, வலைப்பதிவு எழுதி வந்தனர். அவர்கள் கண்ட ஊழியர் எல்லோரும் பரம சந்தோஷிகள்! ஒருவருக்கும் சம்பளக் குறையில்லை, வைத்தியக் குறையில்லை. வால்மார்ட்டின் கூலி முறையைக் குறித்து நாடெங்கும் கண்டனம் எழுந்திருந்த காலம் அது. பிரயாணச் செலவு யார் கொடுத்தது என்று ஒரு பத்திரிகை துருவிப் பார்த்தபோது, வால்மார்ட்டின் பணத்தில், அதன் பிரசாரத்தை நடத்திய எடல்மன் கம்பெனியின் ஏற்பாட்டில் எழுந்த ஸ்தாபனமே கொடுத்தது என்று வெளியாயிற்று. விளம்பரத் தொழிலாளருக்கான நன்னடத்தை விதிகளை எழுத உதவியவர்களுள் எடல்மன் கம்பெனியாரும் சேர்ந்தவர்கள் என்பது இதிலுள்ள ரஸம். அவர்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டனர்.

ஹோல் புட்ஸ் என்னும் மளிகைக் கம்பெனியின் தலைவர் ஜான் மாக்கி செய்தது இன்னும் விபரீதம். தம் மனைவியின் பெயரிலுள்ள எழுத்துக்களை மாற்றி 'ரஹோடெப்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, 1999 முதல் 2006 வரையில், பங்கு வியாபாரிகள் விவாதிக்கும் இடத்தில் தம் கம்பெனியைப் புகழ்ந்தும், வைல்ட் ஓட்ஸ் என்னும் போட்டிக் கம்பெனியை இகழ்ந்தும் எழுதி வந்தார். 2007-ல் அதே வைல்ட் ஓட்ஸை விலைக்கு வாங்க முற்பட்டபோது, கோர்ட்டில் சர்க்கார் தரப்பார் தாக்கல் செய்த தஸ்தாவேஜில் குட்டு வெளிப்பட்டது. பங்குமார்க்கெட் கமிஷன் விசாரித்து, நடவடிக்கை ஒன்றும் எடுக்காமலே விட்டுவிட்டது. சட்டப்படி தண்டனையில்லை என்பதால் யோக்கியமாகிவிடாது. ஏழு வருஷம் எதிரியின் சரக்கை முகமூடியிட்டுத் தூற்றியவர், கடைசியில் அதை வாங்க வந்து நிற்கிறார்!

வியாபாரிகளைக் கண்டிக்கும் நாம் நமது வீட்டையும் பார்க்க வேண்டும். 2009-ம் வருஷத் தேர்தல்களில், பணம் பெற்றுக்கொண்டு வேட்பாளர்களின் புகழ்ச்சியைச் செய்தியாகவே வெளியிட்ட பத்திரிகைகளைப் பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் உபகமிட்டி வைத்து விசாரித்தது. உபகமிட்டியார் பத்திரிகைகளின் பெயர்களைச் சொல்லியே எழுதினர். கவுன்சிலோ 2010-ல் பெயர்களை நீக்கிச் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. முழு அறிக்கை மத்தியத் தகவல் கமிஷன் உத்தரவிட்ட பின் 2011-ல்தான் வெளிவந்தது. விளம்பரத்தைச் செய்தியென்று விற்பவனும், செய்தியென்று விளம்பரத்தை எழுதுபவனும் ஒரே சந்தையில் கடை வைத்திருப்பவர்கள். முன்னவன்மீது நமக்குக் கோபம் அதிகம். அவன் நமது ஜாதி.

இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு பத்திரத்திலும் அச்சிடுவோன் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்று 1867-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. அன்னிய ஆட்சியார் நம்மைக் கண்காணிக்கவே அதைச் செய்தனர். ஆயினும் படிப்பவனுக்கு அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது: சொல்லுகிறவன் யார், வழக்குப் போட்டால் எவன்மேல் போடுவது என்று தெரிந்தது. இன்டர்நெட்டில் கம்பெனி நடத்தும் எழுத்துக்கு அத்தகைய கட்டு நெடுங்காலம் இருக்கவில்லை. அமெரிக்காவில் 2009-ல்தான், பணமோ பொருளோ பெற்று எழுதுவோர் அதை வெளியிட வேண்டுமென்று வியாபாரக் கமிஷன் விதித்தது. இங்கே 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2022-ல் அவ்வாறே விதி வந்தது. பொய் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது.

2023-ம் வருஷம் நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரசபை, விலக்க வேண்டிய 13 வஞ்சக முறைகளை வரிசைப்படுத்திற்று. அவற்றுள் ஒன்று, விளம்பரத்தைப் பொதுஜனங்கள் எழுதியது போலவோ செய்திக் கட்டுரை போலவோ வேஷமிட்டு வெளியிடுதல். இது விளம்பரம் என்று தெரிவிக்கும் பொறுப்பு, எழுதி வெளியிடும் விற்பனையாளரையும் விளம்பரக்காரரையும் சார்ந்தது என்றும் அது கூறுகிறது. ஆகவே விதியில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. வேஷத்தைக் கண்டுபிடித்துப் புகார் செய்ய ஆள் வேண்டும். வால்மார்ட் விஷயத்தில் அவ்வேலையைச் செய்தது சர்க்கார் அல்ல, ஒரு பத்திரிகை. நம் ஊர்களில் உள்ள ஊழியர்கள், கடிதம் எழுதியும் வழக்காடியும் பழகியவர்கள், தங்கள் கைக்கு வரும் புகழுரைகளுக்குப் பின்னால் எவர் பணம் இருக்கிறதென்று விசாரித்து மேற்படி அதிகாரசபைக்கு எழுதத் தொடங்கலாம். நமக்கு எழுதினாலும், ஆதாரம் இருக்குமாயின், பெயர் சொல்லிப் பிரசுரிப்போம்.