பென்டிரைவ் எதுவரை வந்தது?

விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்துவந்த ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. இந்தத் தகுதி இல்லாத, ஆனால் இன்னும் நன்றாகவே ஓடுகிற லேப்டாப்கள் வீடுவீடாகக் கிடக்கின்றன. லினக்ஸை ஒரு கை பார்த்துவிடலாம் என்று அவற்றின் சொந்தக்காரர்களில் சிலர் பென்டிரைவைக் கையில் எடுக்கிறார்கள்.

நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது லினக்ஸில் நெடுநாளாக இருக்கும் வசதி. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் க்ளாவுஸ் க்னாப்பர் வெளியிட்ட க்னாப்பிக்ஸ், சிடி ஒன்றிலிருந்தே முழு டெஸ்க்டாப்பையும் எழுப்பிக் காட்டி இதைப் பிரபலமாக்கியது. இன்று சிடியின் இடத்தில் பென்டிரைவ். சுருக்கி வைத்த கோப்புகளை லினக்ஸ் அதிலிருந்து படித்துக்கொள்ளும். நாம் செய்யும் மாற்றங்களை ராமில் வைத்துக்கொள்ளும். அணைத்தால் எல்லாம் போய்விடும்.

எழும்பினால் சரி. எழும்பாதபோது "போட்டேன், வரவில்லை" என்று சொல்வதில் தகவல் எதுவும் இல்லை. எதுவரை வந்து நின்றது என்று சொன்னால்தான் ஏதாவது செய்ய முடியும். பூட் என்பது, ஒன்றைப் பற்றி ஒன்றுக்கு அதிகம் தெரியாத நாலைந்து நிரல்கள் வரிசையாகக் கைமாற்றி முடிக்கும் வேலை. நின்ற இடம் தெரிந்தால் சறுக்கியது யார் என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும்.

பூட் மெனுவில் பென்டிரைவின் பெயரே இல்லை, அல்லது அதைத் தேர்ந்தெடுத்தும் விண்டோஸே வருகிறது என்றால், முதலில் அதில் லினக்ஸை எழுதிய விதத்தைச் சந்தேகிக்க வேண்டும். தரவிறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை (முழு சிடியின் நகலை) பாட்டு, படம் மாதிரி அப்படியே காப்பி செய்தால் பலிக்காது. கணினியை முதலில் எழுப்பும் நிரல் இரண்டு ரகம். பழைய ரகமான பயாஸ், டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதன் கடைசியில் 55, ஏஏ என்ற இரண்டு அடையாள பைட்டுகள் இருந்தால் அதை நம்பி ஓட்டிவிடும். கோப்பைக் காப்பி செய்வதால் அந்த 512 பைட்டில் எதுவும் மாறுவதில்லை. புதிய யூஇஎஃப்ஐ வேறு ரகம். அது ஃபேட் வகைப் பகுதி ஒன்றைத் தேடி, ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். மூடிய ஐ.எஸ்.ஓ.வுக்குள் அந்தக் கோப்பு இருந்தாலும் அதன் கண்ணுக்குப் படாது.

இந்த இரண்டு ரகத்தையும் ஒரே கோப்பில் திருப்திப்படுத்த லினக்ஸ்காரர்கள் செய்திருக்கும் காரியம் எனக்கு மிகப் பிடித்தது. சிடிக்கான ஐஎஸ்ஓ 9660 தரம், தொடக்கத்தில் 32 கிலோபைட்டை யாருக்கும் ஒதுக்காமல் சும்மா விட்டுவைத்திருக்கிறது. சிடி டிரைவ் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் காலி இடத்தில்தான் ஹார்ட் டிஸ்க்குக்கு உரிய பூட் நிரலையும் பகுதி அட்டவணையையும் கொண்டுபோய் வைத்தார்கள். சிடியாகப் பார்த்தால் சிடி, டிஸ்க்காகப் பார்த்தால் டிஸ்க். அதனால் கோப்பை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை பென்டிரைவின் மேல் அப்படியே கொட்டினாலே பூட் ஆகும். பென்டிரைவில் எழுதித் தரும் நிரல்களில் எட்சர் செய்வது இதைத்தான். இன்னொன்றான ரூஃபஸ், "ஐ.எஸ்.ஓ. முறையா, டிடி முறையா?" என்று கேட்பதும் இதனால்தான்: முதலாவது உள்ளே இருக்கும் கோப்புகளைப் பிரித்து வைக்கும், இரண்டாவது அப்படியே கொட்டும். முதலாவது தோற்றால் இரண்டாவதை முயலலாம்.

சரியாக எழுதியும் கெட்டுப்போக வழி உண்டு. தரவிறக்கம் பாதியில் நொண்டியிருக்கலாம். வெளியீட்டாளரின் தளத்தில் உள்ள ஷா-256 எண்ணோடு நம் கோப்பின் எண்ணை ஒப்பிடுங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளையே அதைக் கணக்கிடும். அடுத்தது போலிப் பென்டிரைவ். உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 128 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி கன்ட்ரோலரைத் திருத்தியிருப்பார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. எழுதியது மட்டும் இருக்காது. எஃப்3, ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற நிரல்கள் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து இதைப் பிடித்துவிடும்.

பூட் மெனுவுக்குள் போகவே முடியவில்லை என்றால் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும் விசைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் நீலத் திரையிலேயே வேறு சாதனத்திலிருந்து தொடங்கும் வாய்ப்பு இருக்கும். ஷட்டவுன் கொடுத்து அணைப்பதைவிட இதுவே நல்லது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும் விண்டோஸ், ஷட்டவுன் என்ற பெயரில் பாதித் தூக்கம்தான் போடுகிறது.

செக்யூர் பூட் தடுத்தால் பல லேப்டாப்கள் திரையில் சிவப்பாக எதையாவது காட்டும். விண்டோஸ் 8-ஓடு 2012-இல் பரவிய இந்த ஏற்பாட்டில், நம்பிக்கைச் சாவியால் கையொப்பமிட்ட நிரல் மட்டுமே ஓடும். பெரும்பாலான லேப்டாப்களில் இருப்பது மைக்ரோசாஃப்ட்டின் சாவி. அதனால் மேத்யூ காரெட் போன்றோர் ஷிம் என்ற சின்ன நிரலை உருவாக்கி, அதற்கு மைக்ரோசாஃப்ட்டிடம் கையொப்பம் வாங்கி, மற்றதை அதன் பின்னால் வரவைத்தார்கள். 2024 ஆகஸ்டில் விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று லினக்ஸை ஏற்றும் நிரல்களான பூட்லோடர்களில் பழையவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. முந்தின நாள் வரை ஓடிய பென்டிரைவ்கள் சில மறுநாள் அடம்பிடித்தன. இதற்கு மருந்து புதிய ஐ.எஸ்.ஓ. செக்யூர் பூட்டை அணைப்பதை முதல் வேலையாகச் சொல்லும் வீடியோக்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருக்கும் லேப்டாப்பில் அதை மாற்றினால் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் உங்கள் கோப்புகளும் உங்களுடையவை இல்லை.

மிகவும் குழப்பும் கட்டம் இனிமேல்தான். லினக்ஸின் மெனு வந்தது, உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் சின்னமும் வந்தது. பிறகு கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்ற அடைப்புக்குறிச் சொல் மட்டும் நிற்கிறது. பென்டிரைவிலிருந்துதானே இதுவரை படித்தது, இப்போது மட்டும் பென்டிரைவைக் காணோம் என்கிறதே?

உண்மையிலேயே காணவில்லை. லினக்ஸின் மையமான கர்னலைப் பென்டிரைவிலிருந்து ராமுக்கு ஏற்ற பூட்லோடருக்கு உதவியது யூஇஎஃப்ஐ. அதற்கென்று சொந்தமாக யூஎஸ்பி டிரைவர் உண்டு. கர்னல் பொறுப்பேற்றதும் அந்த டிரைவர் விடைபெற்றுவிடுகிறது. இரவு ஷிஃப்ட் முடித்துப் போகிற காவலாளி எதையும் சொல்லாமல் போய்விட, காலையில் வருகிறவர் கேட்டிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தேடிப் பார்க்கிற கதைதான். கர்னல் யூஎஸ்பி கன்ட்ரோலரைப் புதிதாக எழுப்பி, சாதனங்களுக்குப் புதிதாக முகவரி கொடுத்து, தான் எந்தப் பென்டிரைவிலிருந்து வந்தோம் என்பதைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். தாமதமாக விழிக்கும் பென்டிரைவ், இடையில் இருக்கும் யூஎஸ்பி ஹப், ஒத்துப்போகாத யூஎஸ்பி 3 போர்ட் ஆகியவை இங்கேதான் காலை வாரும்.

அந்தக் கறுப்புத் திரை பயனற்றதல்ல. பிஎல்கேஐடி என்ற கட்டளையைத் தட்டினால் கர்னலுக்குத் தெரிந்த டிஸ்க்குகள் வரிசையாக வரும். அதில் பென்டிரைவ் இல்லையென்றால் சிக்கல் பெரும்பாலும் யூஎஸ்பியில்: வேறு போர்ட், முடிந்தால் யூஎஸ்பி 2, ஹப் வேண்டாம். பெயர் இருக்கிறது, ஆனாலும் பூட் ஆகவில்லையென்றால் எழுதிய தரவு கெட்டிருக்கலாம்: திரும்ப எழுதுங்கள், அல்லது பென்டிரைவையே மாற்றுங்கள்.

இதையும் தாண்டித் திரை இருண்டால் குற்றவாளி பெரும்பாலும் கிராபிக்ஸ், அதிலும் என்விடியா. லினக்ஸின் மெனுவில் சேஃப் கிராபிக்ஸ் தேர்ந்தெடுத்தால் நோமோட்செட் என்ற சொல் கர்னலுக்குப் போகும்; திரையின் அமைப்பைத் தான் மாற்றாமல், ஏற்கெனவே இருப்பதை வைத்து ஓட்டும். அழகு குறையும், படம் தெரியும். டெஸ்க்டாப் வந்தும் வைஃபை இல்லையென்றால் ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

நிறுவும்போது ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்றால் அது இன்டெல் ஆர்எஸ்டி என்ற சேமிப்பக முறையில் இருக்கக்கூடும். பயாஸ் அமைப்பில் அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றச் சொல்வார்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்கிறவர்கள் முதலில் விண்டோஸைச் சேஃப் மோடில் எழும்பும்படி அமைத்துவிட்டு மாற்றாவிட்டால் விண்டோஸ் எழும்பாது.

வேலை முடிந்து பென்டிரைவை விண்டோஸில் செருகினால் சில மெகாபைட்தான் இருக்கிறது என்று காட்டும், அல்லது ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். பென்டிரைவ் கெடவில்லை, லினக்ஸ் எழுதிய பகுதி அட்டவணையில் விண்டோஸுக்குப் புரிந்தது அவ்வளவுதான். விண்டோஸின் டிஸ்க்பார்ட் நிரலில் க்ளீன் கொடுத்து, புதிய பகுதி உருவாக்கி ஃபார்மட் செய்தால் முழு அளவும் திரும்பிவிடும். க்ளீனைத் தட்டும் முன், தேர்ந்தெடுத்திருப்பது பென்டிரைவைத்தானா என்று டிஸ்க் எண்ணை இன்னொரு முறை பாருங்கள்.