ஒட்டுப் போட்ட இடம்

சாத்துக்குடி மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடித்தண்டைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் தண்டு லேசாகப் புடைத்தோ ஒடுங்கியோ ஒரு வளையம் தெரியும், அதுதான் ஒட்டு. அதற்கு மேலே இருப்பதுதான் சாத்துக்குடி. கீழே மண்ணுக்குள் இறங்கியிருப்பது வேறு சாதி. ஆந்திரப் பக்கம் ரங்பூர் எலுமிச்சையை இதற்குச் சிபாரிசு செய்கிறார்கள். பழத்துக்கு ஒரு மரம், வேருக்கு ஒரு மரம். நர்சரிக்காரர்கள் வேர்ச்செடி என்பது இந்தக் கீழ் மரத்தைத்தான்.

இந்த ஏற்பாடு பரவியதற்குக் காரணம் ஒரு கொள்ளைநோய். 1842-இல் அசோரஸ் தீவுகளின் ஆரஞ்சுத் தோப்புகளில் அடிமரத்தில் பிசின் வடிந்தது, பட்டை அழுகியது, மரங்கள் பட்டுப்போயின. மண்ணில் வாழும் ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரின் வேலை அது. இனிப்பு ஆரஞ்சின் வேர் அதற்குத் தாக்குப்பிடிக்கவில்லை. புளிப்பு ஆரஞ்சின் வேர் தாக்குப்பிடித்தது. அப்புறமென்ன, மத்தியதரைக்கடல் ஓரத்திலிருந்து அமெரிக்கா வரை தோப்பு தோப்பாகப் புளிப்பு ஆரஞ்சின் மேல் இனிப்பு ஆரஞ்சை மொட்டுக் கட்டினார்கள். இத்தனை தோப்புகளும் ஒற்றைக் காலில் நின்றன.

ஆனால் தென்னாப்பிரிக்காவிலும் ஜாவாவிலும் இந்தக் கூட்டணி எடுபடவில்லை. கன்று நட்ட சில ஆண்டுகளில் வாடிவிடும். இரண்டுக்கும் பொருத்தமில்லை என்று முடிவு கட்டினார்கள் நிபுணர்கள். ஜாதகம் பார்த்த கதைதான். ஆனால் அதே ஜோடி ஸ்பெயினிலும் கலிஃபோர்னியாவிலும் பல்லாண்டுகளாகக் குறையில்லாமல் காய்த்துக்கொண்டிருந்ததே? அந்தக் கேள்வியை அன்று அழுத்திக் கேட்டிருந்தால் பின்னால் வந்த சேதத்தில் கொஞ்சமாவது தவிர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1937-இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்தில், பராய்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஆரஞ்சு மரங்கள் வாடத் தொடங்கின. இலை பழுத்து உதிரும், கிளை நுனியிலிருந்து காயும். சில மரங்களோ காய்த்த காயோடு சில நாட்களில் அப்படியே சுருண்டுவிடும். போர்த்துகீசிய மொழியில் 'டிரிஸ்டெசா' என்று பேர் வைத்தார்கள். துயரம் என்று அர்த்தம். நம் ஊரில் பயிருக்குச் சோகை பிடித்தது என்போம். சோகம் பிடித்ததாகச் சொன்னவர்கள் அவர்கள்தான். 12 ஆண்டுகளில் அந்த மாநிலத்தில் 60 லட்சத்துக்கும் அதிகமான மரங்கள் போயின. முக்கால்வாசித் தோப்பு.

இதில் விசித்திரம் என்னவென்றால், இனிப்பு ஆரஞ்சு அதன் சொந்த வேரில் நின்றால் சாகவில்லை. புளிப்பு ஆரஞ்சும் தனியாக நின்றால் சாகவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருந்தால்தான் சாவு. 1946-இல் சாவ் பாவ்லோவில் மெனகினி என்ற ஆய்வாளர், இந்த நோயைக் கருப்பு அசுவினிப் பூச்சி மரத்துக்கு மரம் கடத்துகிறது என்று காட்டினார். அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் ஃபாசெட், வாலஸ் என்ற ஆய்வாளர்கள் தங்கள் ஊரிலும் வாடத் தொடங்கியிருந்த மரங்களைக் கொல்வது ஒரு வைரஸ் என்று நிறுவினார்கள். ஜாதகத்தில் கோளாறில்லை, மூன்றாவது ஆள் ஒருவன் வீட்டுக்குள் இருந்திருக்கிறான்.

அவன் செய்யும் வேலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். இனிப்பு ஆரஞ்சின் இலைகளில் வைரஸ் சாதுவாகப் பெருகும். அங்கிருந்து கீழே இறங்கி, ஒட்டுக்குச் சற்றுக் கீழே புளிப்பு ஆரஞ்சின் பட்டைக்குள் இருக்கும் புளோயம் குழாய்களைச் சாகடித்துவிடும். இலை சமைத்த சர்க்கரை வேருக்குப் போகிற பாதை அதுதான். பாதை அடைபட்டால் வேர் பட்டினி. நோயுற்ற மரத்தில் அந்த இடத்துப் பட்டையைக் கத்தியால் சதுரமாகக் கீறி உரித்து உட்புறம் பார்த்தால், தேன்கூடு போலப் பொடிப்பொடியாகக் குழிகள் இருக்கும். வேரை நறுக்கி அயோடின் விட்டும் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் சொட்டு விட்டோமே, அதே சோதனை. நல்ல வேர் கருநீலமாகும். இது வெளுத்தே கிடக்கும். சேமித்த மாவுச்சத்தைத் தின்று தீர்த்திருக்கிறது என்று பொருள்.

தோப்புகளை மீட்டது ரங்பூர் எலுமிச்சை. வங்கத்து ஊர்ப்பெயர் தாங்கிய இதன் பழம், எலுமிச்சையின் புளிப்பும் கமலா ஆரஞ்சின் நிறமுமாக இருக்கும். மாண்டரினுக்கும் சிட்ரானுக்கும் பிறந்த கலப்பு என்று மரபணு ஆய்வு சொல்கிறது. கம்பினாஸ் வேளாண் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சில்வியோ மொரெய்ரா பல வேர்ச்செடிகளைச் சோதனையாக நட்டுப் பார்த்தவர். டிரிஸ்டெசாவைத் தாங்கியதோடு வறட்சியையும் தாங்கிய ரங்பூர், சில பத்தாண்டுகளில் பிரேசில் தோப்புகளின் பெரும்பகுதிக்கு வேராகிவிட்டது.

அதாவது, மறுபடியும் ஒற்றைக் கால்.

நூற்றாண்டு திரும்பியபோது மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில் ரங்பூர் வேரில் நின்ற மரங்கள் திடீரென்று பட்டுப்போகத் தொடங்கின. மறுபடி ஒட்டுக்குக் கீழே, மறுபடி புளோயத்தில். 'திடீர்ச் சாவு' என்றே பேர். வெட்டிப் போட மனமில்லாத விவசாயிகள், நோயைத் தாங்கும் வேறு சாதிக் கன்றுகளை மரத்தைச் சுற்றி நட்டு, அவற்றின் நுனியைச் சீவி, ஒட்டுக்கு மேலே தாய்மரத்துப் பட்டைக்குள் செருகினார்கள். ஒரு மரத்துக்கு இரண்டு, மூன்று புதுக் கால்கள். ஆலமரத்து விழுதை ஆள் வைத்துச் செய்த மாதிரி. இந்த வேலைக்கு உதவிய ஒரு சாதி, ஸ்விங்கிள் சிட்ரமெலோ. 1907-இல் ஃப்ளோரிடாவில் கிரேப்ஃப்ரூட்டையும் மூவிலை ஆரஞ்சையும் கலந்து உண்டாக்கியது. இந்த மூவிலை ஆரஞ்சின் பழம் வாயில் வைக்க முடியாத கசப்பு. ஆனால் வேர்ச்செடி ஆராய்ச்சிக்கு அந்த மரம்தான் பெரிய சொத்து.

நம் அடுப்படி எலுமிச்சைக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. ஐரோப்பியரின் லெமன் வேறு, நம் சாற்று எலுமிச்சை வேறு. லெமனின் கிளையில் இந்த வைரஸ் சரியாகப் பெருகாது. அதனால் புளிப்பு ஆரஞ்சு வேரிலேயே லெமன் தப்பித்தது. நம் எலுமிச்சையோ அதற்கு நேரெதிர். வைரஸ் உள்ளே போனால் இலையே காட்டிக்கொடுத்துவிடும். அதனாலேயே உலக ஆய்வுக்கூடங்கள் எலுமிச்சைக் கன்றைச் சோதனைச் செடியாக வளர்த்தன. சந்தேகப்பட்ட மரத்தின் மொட்டை அதில் கட்டிவிட்டுச் சில வாரம் கழித்துத் தளிரை வெளிச்சத்தில் பிடிப்பார்கள். நரம்பு ஓரமாக எண்ணெய் பட்ட காகிதம் போல ஊடுருவித் தெரியும் சிறு கீற்றுகள் இருந்தால், தாய்மரத்தில் டிரிஸ்டெசா உண்டு.

நம் எலுமிச்சைக்கு வேரை மாற்றிப் பயனில்லை, நோய் தாக்குவது மேல் மரத்தையே. பிரேசிலில் முல்லர், கோஸ்டா என்ற ஆய்வாளர்கள் வேறு வழி கண்டிருந்தார்கள். சாதுவான வைரஸ் வகையை முன்கூட்டியே கன்றில் ஏற்றிவிட்டால், கொடிய வகை உள்ளே வந்தாலும் வேரூன்றாது. அம்மை குத்துவது போல. 1980 வாக்கில் சுமார் 80 லட்சம் பேரா என்ற வகை ஆரஞ்சு மரங்கள் அப்படிக் காப்பு ஏற்றப்பட்டவை. அதே காலத்தில் பெங்களூரில் பாலராமன், ராமகிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள் இதை நம் எலுமிச்சையில் செய்து பார்த்தார்கள். காப்பு ஏற்றிய கன்றின் தளிரை வெளிச்சத்தில் பிடித்தால் அதிலும் கீற்றுகள் தெரியும், கொஞ்சம் மங்கலாக.