குளிரில் திணறும் ஜீப்பு

மார்கழி வைகறையில், திருநெல்வேலி டவுண் நயினார்குளத்தருகே நம் நண்பரது இல்லத்துப் பழைய பெட்ரோல் ஜீப்பை முடுக்கினால் இயங்கத் தொடங்கும். உடனே திணறி, குலுங்கி, நின்றுவிடும். வெயிலேறிய பின்போ குறை யாதும் காணப்படாது.

இது வியப்புக்குரியதன்று. பெட்ரோல் ஆவியாகித் தன் எடையைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு காற்றுடன் கலந்தாலன்றிச் செவ்வனே எரியாது. குளிர்ந்த குழாய்ச் சுவரில் அதன் ஒரு பகுதி திவலையாய்ப் படிந்துவிடுதலின், சிலிண்டரை அடையும் கலவை மெலிகின்றது. அதனை ஈடுசெய்யவே, 1941 முதல் போருக்கெனச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பிலும், காற்றைக் குறைக்கும் சோக்கு அமைக்கப்பட்டது.

சோக்கை இழுத்தும் குலுக்கம் தீராவிடின்? கார்புரேட்டரின் திருகை முடுக்கி வேகத்தை உயர்த்துவார் பலர். நாமும் அவ்வாறே செய்தோம். காலையில் நன்றாகவே இருந்தது. மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாற்றுக்கு இறங்குங்காலோ, சூடேறிய இயந்திரம் நாம் காலை எடுத்த பின்னரும் வண்டியை முன்தள்ளிற்று. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கே கதியாயிற்று. அதனை நினைப்பின் இன்றும் உடல் நடுங்குகின்றது.

மறுநாள் மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரிடம் சென்றோம். “திருகுல கை வைக்காதீங்க தம்பி” என்றவர், இயந்திரம் குளிர்ந்திருக்கையிலேயே அதனை ஓடவிட்டு, காற்றுக்குழாய் இணைப்பில் சில துளி எண்ணெய் விட்டார். குலுக்கம் சட்டென அடங்கிற்று! நைந்த பேக்கிங் வழியே காற்றுப் புகுந்து, முன்னரே மெலிந்த கலவையை மேலும் மெலிவித்திருந்தது. உலோகம் சூடேறி விரிந்ததும் அவ்விடுக்கு அடைபடும். பேக்கிங்கை மாற்றி, பிளக்குகளின் கரியை நீக்கிய பின்னரே அவர் திருகைப் பழைய நிலைக்குத் தளர்த்தினார்.